கழுவின வண்டியும் ஏன் பழசாத் தெரியுது?

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாசஞ்சரில் அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அங்கே கண் சிகிச்சை. காரில் போனால் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலிலேயே பாதிப் பொழுது போய்விடும். சிங்கப்பூரில் இருக்கிறவன் ரயிலைப் பற்றி எழுதினால் அங்கே பளபளப்பு, இங்கே குப்பை என்றுதான் எழுதுவான் என்று நினைப்பீர்கள். காலையில் நான் ஏறிய வண்டிகள் கழுவித்தான் வந்தன. தரையில் ஈரம் காயாமல் இருந்தது, பினாயில் வாசமும் அடித்தது. ஆனாலும் பெட்டியைப் பார்த்தால் இருபது வயது கூடுதலாகத் தெரிந்தது. அது ஏன் என்று பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

வெளிப்புறத்தில் அடிப்பாகம் முழுக்கப் படிந்திருக்கும் செம்பழுப்பைப் பலரும் மண் என்று நினைக்கிறார்கள். விளவங்கோட்டுச் செம்மண்ணும் கொஞ்சம் இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரமும் கட்டையும் உரசி உதிரும் தூளில் இரும்பு உண்டு. அது ஈரம் பட்டதும் துருவாகி பெயிண்டைக் கவ்விக்கொள்ளும். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. வெறும் சோப்புத் தண்ணீருக்கு இந்தக் கறை அசையாது. அமிலம் கலந்த கரைசல் போட்டால் போகும். ஆனால் அதை நன்றாக அலசி விடாவிட்டால் பெயிண்ட் மங்கும், கண்ணாடியும் பொரிந்து போகும். உப்புத்தண்ணீரில் கடைசி அலசல் செய்தாலும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் தங்கும். அதனால்தான் நல்ல கழுவுநிலையங்களில் கடைசியில் உப்பு நீக்கிய தண்ணீரை அடிக்கிறார்கள். மங்கின கண்ணாடியை அடுத்த நாள் எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

கன்னியாகுமரி நிலையத்தில் நிற்கும் வண்டிகளுக்குக் கடல்காற்று வேறு. பழைய இரும்புப் பெட்டிகளில் கழிவறைக்குக் கீழும் வாசற்படி ஓரத்திலும்தான் முதலில் துரு அரிக்கும். எக்ஸ்பிரஸ்களில் வரும் புது வகை எல்.எச்.பி. பெட்டிகளும், பக்கத்து ஊர்களுக்கு ஓடும் மின்சார ரயிலான மெமுவின் புதுப் பெட்டிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

உள்ளே வந்தால் வேறு கதை. மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்ற நோட்டீஸைத் தமிழ்நாட்டு ரயிலில் பார்க்காதவர் உண்டா? அதைக் கிழித்த பிறகு பசை தங்கி, பசையில் தூசி ஒட்டி, கறுப்புச் சதுரமாகி நிற்கிறது. பிளேடால் சுரண்டினால் லேமினேட்டும் சேர்ந்து போகிறது. ரெக்சின் ஒரு இடத்தில் கிழிந்தால் பத்து நாளில் பஞ்சு வெளியே வந்துவிடுகிறது, அதற்கு வாரியலும் வாளியும் என்ன செய்யும்? பெட்டியைக் கிழவியாக்குவது அழுக்கைவிட இந்தச் சின்னச் சின்ன உடைசல்கள்தான் என்பது என் கட்சி.

சிங்கப்பூரில் 1987-ல் ஓடத் தொடங்கிய முதல் ரயில்கள் முப்பது வருஷம் தாண்டியும் ஓடின. நடுவில் ஒரு தடவை உள்ளே எல்லாவற்றையும் கழற்றிப் புதுசாக்கினார்கள். கிறுக்கினால் விடமாட்டார்கள். 2010-ல் சாங்கி டிப்போ வேலியை வெட்டி நுழைந்து ரயிலில் ஸ்பிரே அடித்த சுவிஸ் நாட்டுக்காரருக்குச் சிறையும் கிடைத்தது, பிரம்படியும் கிடைத்தது. வண்டிக்குள் சாப்பிட்டால் 500 டாலர் அபராதம் என்று போர்டே இருக்கும். நம் ஊரிலும் ரயில்வே வளாகத்தை அசுத்தம் செய்தால் 2012 விதிப்படி 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை ஒன்றுதான், நாணயம்தான் வேறு.

சாப்பாட்டைத் தடுப்பது நமக்குச் சரிவராது. இரணியலிலும் பள்ளியாடியிலும் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி ஏறுகிறவர்கள் இலைப்பொதியைப் பிரிப்பது வண்டிக்குள்தான். திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் ஶ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கும் போகிற நோயாளிகளும் இதே பெட்டியில்தான். சிங்கப்பூர் மெட்ரோவான எம்.ஆர்.டி.யில் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணிப் பயணம், கழிவறையே கிடையாது. அதையும் இதையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். குப்பைத்தொட்டி பெரிதாக இருந்தாலே போதும். நான் பார்த்த தொட்டி குழித்துறைக்குள் நிரம்பி, மிச்சம் கழிவறைக்குள் போனது. பயோ டாய்லெட் தொட்டிக்குள் பாட்டிலோ துணியோ விழுந்தால் அடைத்துக்கொள்ளும். உள்ளே கழிவைத் தின்னும் பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்னாதே.

வண்டி போய்ச் சேர்ந்ததும் வாரியலோடு ஒரு அக்கா ஏறினார். இத்தனை பெட்டியும் நீங்க ஒருத்தர்தானா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு உண்டு தம்பி. வண்டி நிக்குத நேரந்தான் எங்களுக்கு. தூத்து விடுவோம், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவணும்னா ராத்திரியாக்கும்."

சாயங்காலம் கூட்டம் நிரம்பும் வண்டிக்கு இந்தத் தூத்தல்தான் கிடைக்கிறது. தொலைதூர எக்ஸ்பிரஸ் பலவற்றில் ஓடும்போதே சுத்தம் செய்ய ஆள் உண்டு, தினமும் ஓடும் பாசஞ்சருக்கு அந்த ஏற்பாடு கிடையாது. சீசன் டிக்கெட்காரர்கள்தான் வருஷம் முழுக்க ஏறுகிறவர்கள், அவர்கள் பெட்டிக்குத்தான் கவனம் குறைவு. ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்தால் புகாரைப் பதிவு செய்கிறார்கள். ஓடும் பாசஞ்சருக்குள் உடனே வந்து துடைக்கத்தான் ஆள் வேண்டும்.

தினமும் போய்வருகிற ஒரு அண்ணனிடம், புதுப் பெயிண்டா, தரை துடைப்பதா, கழிவறைத் தண்ணீரா, எது முதலில் வேண்டும் என்று கேட்டேன். அவர் சன்னலைக் காட்டினார். "இந்த ஷட்டரைத் தூக்குனா நிக்கணும் பாத்துக்கிடுங்க. மழை பெஞ்சா இறங்கணும். பெயிண்ட் எல்லாம் பொறவு பாக்கலாம்."