லைஃப்டைம் லைசென்ஸ் என்று விற்கும் பில்லிங் சாஃப்ட்வேர்: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர்கள் கவனிக்கவும்

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்ன அளவில் கொலுசு மொத்த வியாபாரம். அப்பா ஆரம்பித்தது, கணக்கு வழக்கை இப்போது நான் பார்க்கிறேன். மூன்று மாதமாக நாங்கள் படும் பாட்டை இங்கே எழுதக் காரணம், எங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்ற அதே ஆள் அதே சாஃப்ட்வேரை எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு கடைக்குக் காட்டியிருக்கிறார் என்று நேற்றுத் தெரிந்ததுதான்.

கட்டி வெள்ளியைப் பட்டறைக்குக் கொடுப்போம், கொலுசாகத் திரும்பி வரும். சிவதாபுரம், பனங்காடு பக்கம் மொத்தம் 17 பட்டறைகள். ஒவ்வொருவருக்கும் ரூபாயில் ஒரு கணக்கு, கிராமில் ஒரு கணக்கு. எத்தனை கிராம் கொடுத்தோம், என்ன டச் (வெள்ளியின் சுத்தம்), சேதாரம் எவ்வளவு போச்சு, அவர் கையில் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் அந்தக் கிராம் கணக்கில்தான். சாதாரண பில்லிங் சாஃப்ட்வேரில் இது வராது. வரும் என்று சொன்னவரிடம் 2019-ல் 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ரசீதிலேயே லைஃப்டைம் லைசென்ஸ் என்று போட்டுக் கொடுத்தார். ஆறு வருடம் நன்றாகவே ஓடியது, அதை மறைக்க மாட்டேன்.

போன தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். "சின்ன அப்டேட் ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டரை ஆன்ல வைங்க" என்று போன் வந்தது. வைத்தோம். அடுத்த திங்கட்கிழமை கடை திறந்து சாஃப்ட்வேரைத் தொட்டால் 'உரிமம் காலாவதி' என்று ஒரே ஒரு பெட்டி, அதைத் தாண்டி எதுவும் இல்லை. புது பில் போட முடியாதது மட்டுமில்லை, பழைய பில்லைப் பார்க்க முடியவில்லை, பட்டறை இருப்பைப் பார்க்க முடியவில்லை.

போன் செய்தோம். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்துவிட்டது, அதனால் பழைய வெர்ஷன் ஓடாது, புது கம்ப்யூட்டரும் வருடத்துக்கு 24,000 கட்டும் கிளவுட் வெர்ஷனும் வாங்க வேண்டும் என்றார். சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அர்த்தம், மைக்ரோசாஃப்டிலிருந்து வழக்கமாக வரும் இலவசப் பாதுகாப்பு அப்டேட் இனி வராது என்பது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராம் அதனால் நிற்காது. எங்கள் கம்ப்யூட்டரில் மற்ற எல்லாமே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா ரசீதை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்க் கேட்டார். "அண்ணா, லைஃப்டைம்னா அந்த வெர்ஷனோட லைஃப்டைம்ங்க" என்று பதில். அப்பா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தினமும் பென் டிரைவில் பேக்கப் எடுத்து வைத்திருந்தேனே என்று நினைத்தேன். அந்தப் பேக்கப்பை அந்தச் சாஃப்ட்வேருக்குள் மட்டும்தான் திறக்க முடியும். சித்தப்பா பையன் டேட்டாபேஸ் வேலை தெரிந்தவன், இரண்டு நாள் உட்கார்ந்து வேறு வழியில் திறந்தான். பட்டறைக்காரர் பெயர்கள் எல்லாம் பழைய பாமினி எழுத்துரு முறையில், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தன. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசே 2010-ல் தரமாக அறிவித்துவிட்டது, 2019-ல் விற்ற சாஃப்ட்வேரில் இன்னும் அதே பழைய முறை. சரி, அதை மாற்ற கன்வெர்ட்டர் இருக்கிறது, பெயர்களை மீட்டுவிட்டோம். ஆனால் எடை இருந்த நெடுவரிசை முழுக்கப் பூட்டுப் போட்ட குறியீடு. பெயரையும் தேதியையும் தொகையையும் திறந்து வைத்துவிட்டு எடைக்கு மட்டும் பூட்டு எதற்கு? நாங்கள் வேறு சாஃப்ட்வேருக்குப் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அதே கம்ப்யூட்டரில் இன்னொன்றும் கிடைத்தது. தூரத்திலிருந்து உள்ளே வரும் ஒரு புரோகிராம், நிரந்தரப் பாஸ்வேர்டுடன், கம்ப்யூட்டர் போட்டவுடன் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார். நாங்கள் சரி என்று அழுத்தாமலே எந்த நேரமும் எங்கள் கணக்குக்குள் வரலாம். உடனே எடுத்துவிட்டோம். உங்கள் கடைக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

உரிமம் முடிந்தால் புது பில் போடுவதை நிறுத்தட்டும், அது அவர் பொருள். பழைய கணக்கைப் படிக்கவும் எடுத்துக்கொண்டு போகவும் வழி விட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் பொருள். சட்டமும் கணக்குக்கான பொறுப்பை நம் மேல்தான் வைக்கிறது. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியது வியாபாரிதான். சாஃப்ட்வேர் பூட்டிக்கொண்டது என்று சொன்னால் யார் கேட்பார்கள், நோட்டீஸ் நம் பெயருக்குத்தான் வரும். திறந்த முறையில் செய்வது பெரிய வித்தையும் இல்லை. எஸ்க்யூலைட் என்று ஒரு டேட்டாபேஸ் 2000-லிருந்து இலவசமாக இருக்கிறது, நம் போனுக்குள்ளேயே ஓடுவது அதுதான் என்றான் அந்தச் சித்தப்பா பையன். எக்செல்லில் திறக்கும் சாதாரண சிஎஸ்வி கோப்பையும் அதையும் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நீண்ட காலப் பாதுகாப்புக்கு ஏற்ற வடிவங்களாகப் பரிந்துரைக்கிறது.

ரூபாய்க் கணக்கைத் தேற்றிவிட்டோம். ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்தது இருந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்கள் இருந்தன. கிராம் கணக்குக்கு அப்பாவின் பழைய பேரேடும், பட்டறைக்காரர்களின் கை நோட்டும்தான் துணை. ஒவ்வொருவராக உட்கார்ந்து 14 பேருடன் முடித்துவிட்டோம். மூன்று பேர் பாக்கி, அதில் ஒருவரிடம் 1,150 கிராம் ஒத்து வரவில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, இருபது வருடப் பழக்கம். வெள்ளி விற்கிற விலையில் அவரும் விட்டுக்கொடுக்க முடியாது, நாங்களும் முடியாது. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேச முடியாமல் இருக்கிறோம்.

அந்த ஆள் டெமோ காட்ட வந்தால் பணம் கொடுக்கும் முன்னால் நாலு பில் போடச் சொல்லுங்கள். அப்புறம் கம்ப்யூட்டர் தேதியை உரிமம் முடிந்த நாளுக்கு மாற்றி, அந்த நாலு பில்லையும் எடையோடு எக்செல்லில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்காருகிறேன்.