வெல்லவாய இறக்கத்தில் "வற்றாத பீலி" உள்ள காணி என்று யாராவது காட்டினால்

கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் இறங்குகிற சரிவில் காணி தேடுகிறவர்கள், அதிலும் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். தரகர் பெயரை இங்கே போட முடியாது, விஷயம் பொலிஸ் வரைக்கும் போயிருக்கிறது. அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லலாம்.

2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற எல்லாருக்கும் வந்த எண்ணம்தான் எங்களுக்கும் வந்தது. கொஞ்சம் மரக்கறி, ரெண்டு ஆடு, குரக்கன், சோளம், கூரையில் ஒரு சோலர் தகடு, இனி எவன் விலை ஏற்றினாலும் நம் அடுப்பு எரியும் என்று. மாமா தோட்டத்தில் ஓய்வு பெற்று எடுத்த ஈ.பி.எஃப். பணமும் சேவைக்காலப் பணமும் இருந்தது. வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் கிடைத்தாலே பெரிய காரியம் என்றிருக்கிற நம் ஆட்களிடம் "ரெண்டு ஏக்கர், சொந்த உறுதி" என்று ஒருவர் வந்து சொன்னால் யாருக்குத்தான் மனசு போகாது? இந்தத் தரகர்களுக்கு அது நல்லாவே தெரியும்.

முதலில் தரகர் எங்களைத் தை மாதம் கூட்டிக்கொண்டு போனார். மலையெல்லாம் பச்சை, காணியின் மேல்மூலையில் பாறையடியிலிருந்து மூங்கில் பீலியில் கட்டைவிரல் தடிப்புக்குத் தண்ணீர் விழுகிறது. எங்கள் பக்கத்தில் ஆடி ஆவணியில் குடையை மடக்க முடியாது. ஆனால் அதே தென்மேல் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் எங்கள் தலையில் கொட்டிவிட்டு, மலைமேட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வெறும் வரட்டுக் கச்சானாகத்தான் போகிறது. அங்கே பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். தியலுமை நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரம், அதுவே ஓகஸ்டில் நூல் மாதிரித் தொங்கும். மாமாவுக்கு இது தெரியும், அதனால் "காத்து மாசத்துல பார்க்காம ஒரு சதம் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

சரி, தரகரிடம் கேட்டோம். மனுசன் முகம் சுளிக்கவே இல்லை. "தாராளமா வாங்க டீச்சர், ஆனா நான் சொல்ற நாள்ல வாங்க, காணிக்காரர் இருக்கணும்ல" என்றார். அந்த நாளில் போனால் மானாப்புல் முழுக்கக் காய்ந்து மஞ்சளாக நிற்கிறது, காற்று ஆளைத் தள்ளுகிறது, ஆனால் பீலியில் தண்ணீர் விழுகிறது! கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். மாமாவே குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கே அட்வான்ஸ் போய்விட்டது.

அப்புறம் வீட்டுக்கு அளவு பார்க்க மேசன் பாஸைக் கூட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் போனோம். பீலி காய்ந்து மூங்கில் வெடித்திருந்தது. பாறைக்குப் பின்னால் புல்லை விலக்கினால் அரை அங்குலக் கறுப்பு ஹோஸ் ஒன்று, வாய்க்கு ஒரு துணியைச் சுற்றிப் பாறை இடுக்கில் சொருகிக் களிமண் பூசியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால் இன்னொருத்தரின் போஞ்சித் தோட்டத்துத் தாங்கி. அங்கே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அது கார்த்திகைப் பீலி புள்ள, மாசியோட நின்னுரும். ஆள் கூட்டிட்டு வர்றன்னிக்கு மட்டும் தரகரு மேல்தோட்டத்துக்காரருக்குக் காசு குடுத்து தொறந்து விடுவாரு."

ஆகவே கோடையில் போய்ப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தரகர் குறித்த நாளில் போகாதீர்கள், ஹோஸ் இருக்கிறதா என்று ஊற்றுக்கண் வரைக்கும் கையை விட்டுப் பாருங்கள், தண்ணீர் சுமக்கிற பொம்பளைகளிடம் தரகர் இல்லாத நேரம் கேளுங்கள். வாளியும் கைக்கடிகாரமும் கொண்டுபோங்கள். பத்து லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நாளைக்கு 14,400 லீற்றர். வீட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் அது தாராளம், ஏக்கர் கணக்கில் பயிர் வைக்கக் காணாது. அந்தக் காற்றிலும் வெயிலிலும் நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று வைத்தால்கூட ஒரு ஏக்கருக்கு 20,000 லீற்றர் வேண்டும்.

"கூரைத் தண்ணியைப் பிடிச்சுக்கலாம்" என்றும் சொல்வார்கள். நாலு பேர், ஆளுக்கு 50 லீற்றர், மழையில்லாத நாலு மாதம் என்றால் 24,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி 24! அதற்கு மேல் ஆட்டுக்கும் செடிக்கும். குழாய்க் கிணறு என்றால் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்கில் காசு, வந்த தண்ணீரையும் ஃபுளோரைட்டுக்குச் சோதிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்துக் கொடுக்கிறார்கள். முன்பு கிணறு நிறைந்திருந்தது என்பதும் பேச்சில்லை, பண்டாரவளைப் பக்கத்தில் உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது 2014 கடைசியிலிருந்து எத்தனை வீட்டுக் கிணறு வற்றியது என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

இனி பத்திரம். "சொந்த உறுதி" என்று தரகர் காட்டியது ஜயபூமி அளிப்புப் பத்திரம், அதாவது அரசு காணி கொடுக்கும்போது தருகிற பத்திரம். "ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டிருக்காரு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டார். அந்தக் கையெழுத்துத்தான் பிரச்சினையே. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. பேர்மிட் காணிக்கும், அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில் இருக்கிற காணிக்கும், விற்க முடியாது என்ற இதே கதைதான். காணிப் பதிவகத்தில் நீங்களே போய்ப் பதிவுப் பிரதி எடுங்கள், தரகர் கொண்டுவருகிற நொத்தாரிஸ் வேண்டாம்.

மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்றால் "இது வரண்ட இடம் டீச்சர், சரியாது" என்றார். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் போன மீரியபெத்த இதே கொஸ்லந்தையில்தான் இருக்கிறது, இருந்தும் "சரியாது" என்று எங்களிடமே சொல்கிறார். கோடையில் மானாவுக்குத் தீப்பிடிப்பதும் மிச்சத்தைக் காட்டுப்பன்றி தோண்டுவதும் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. காணிக்காரர் தரகரைக் காட்டுகிறார், தரகர் காணிக்காரரைக் காட்டுகிறார். பொலிஸில் போட்டது இப்போது மத்தியஸ்த சபையில் நிற்கிறது. மேல்மூலையில் பாறை, மூங்கில் பீலி, பக்கத்தில் ஒரு கொய்யா மரம், இப்படி ஒரு காணியின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு யாராவது காசு கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டுப் படத்தோடு எனக்கு எழுதுங்கள், அடுத்த அமர்வுக்குச் சேர்ந்தே போவோம்.