பாதியில் நிற்கும் வாக்கியங்கள்: கேரில் சர்ச்சிலின் நாடகத் தொகுப்பு

கேரில் சர்ச்சிலின் நாடகங்களை முதன்முறை கையில் எடுப்பவருக்கு, புத்தகத்தில் அச்சுப்பிழை மலிந்திருக்கிறதோ என்ற ஐயம் எழக்கூடும். வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எந்தத் தொனியில் பேச வேண்டும் என்று நடிகருக்குச் சொல்லும் குறிப்புகளும் அநேகமாக இல்லை. நிக் ஹெர்ன் புக்ஸ் வெளியிட்டிருக்கும் அவருடைய நாடகத் தொகுப்பின் நான்காம் பாகத்தை நான் முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதிலுள்ள இரண்டு நாடகங்களை மேடையில் பார்த்துவிட்டு மீண்டும் அதே பக்கங்களுக்குத் திரும்பியபோதுதான், அந்த வெற்றிடங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு கணக்காக விடப்பட்டவை என்பது புலப்பட்டது. இந்தத் தொகுப்பை வாங்கலாமா, வாங்கினால் எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சர்ச்சில் 1938இல் லண்டனில் பிறந்தவர். வானொலி நாடகங்கள் எழுதிப் பழகி, 1972இல் ராயல் கோர்ட் தியேட்டரின் மாடி அரங்கில் ‘ஓனர்ஸ்’ நாடகத்துடன் மேடைக்கு வந்தவர். எண்பது வயதைக் கடந்த பிறகும் புதிய வடிவங்களைத் தேடி எழுதியவர் என்பதே அவர்மேல் எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம். நான்காம் பாகத்தில் 1997 முதல் 2006 வரையிலான ஆக்கங்கள் உள்ளன. அவற்றுள் ‘ஃபார் அவே’, ‘எ நம்பர்’ ஆகிய இரண்டுக்காக மட்டுமே இதை வாங்கலாம்.

‘ஃபார் அவே’ 2000ஆம் ஆண்டில் அரங்கேறியது. ஒரு மணி நேரம்கூட ஓடாத நாடகம். அத்தையின் வீட்டுக்கு வந்திருக்கும் ஜோன் என்ற சிறுமி இரவில் தூக்கம் வராமல் எழுந்து வருகிறாள். வெளியே ஓர் அலறல் கேட்டதாகச் சொல்கிறாள். அது ஆந்தை என்கிறார் அத்தை. மாமா யாரையோ கொட்டகைக்குள் தள்ளியதைப் பார்த்ததாகச் சொல்கிறாள். அதற்கு ஒரு விளக்கம் வருகிறது. தரையில் இரத்தம் இருந்தது என்கிறாள்; அதற்கும் ஒரு விளக்கம் வருகிறது. சிறுமி பார்த்தது கூடக்கூட, அத்தையின் பொய்யும் அதற்கேற்ப உருமாறிக்கொண்டே போகிறது. இறுதியில், கொட்டகையில் இருப்பவர்கள் தப்பிச் செல்ல மாமா உதவுவதாகவும், அவர் அடித்தது துரோகிகளை மட்டுமே என்றும் அந்தக் குழந்தையே நம்பி, தானும் உதவ வேண்டும் என்று விரும்பும் நிலைக்கு வந்துவிடுகிறாள். ஒரு தலைமுறை எவ்வாறு கொடுமைக்கு உடந்தையாக வளர்க்கப்படுகிறது என்பதை இத்தனை சில பக்கங்களில், ஒரு சமையலறைப் பேச்சின் குரலில், வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

இரண்டாம் பகுதியில் வளர்ந்துவிட்ட ஜோன் தொப்பி செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். கூலியைப் பற்றியும் நிர்வாகத்தின் ஊழலைப் பற்றியும் சக தொழிலாளியோடு பேசுகிறாள். தொப்பிகள் நாளுக்கு நாள் பெரிதாகவும் விசித்திரமாகவும் ஆகின்றன. பிறகு ஓர் அணிவகுப்பு. சங்கிலியால் பிணைக்கப்பட்ட, அடிபட்ட, கந்தலணிந்த கைதிகள் அந்தத் தொப்பிகளைச் சூடியபடி கொலைக்களத்துக்கு நடந்து செல்கிறார்கள். வசனம் கிடையாது. அச்சில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. முதல் வாசிப்பில் நான் அதைக் கடந்து போய், இரண்டு பக்கம் தள்ளித்தான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அந்த அணிவகுப்புக்கு ஐந்து பேர் போதாது, பத்தைவிட இருபது நல்லது என்று குறிப்பெழுதிவிட்டு, நூறு பேர் இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறார் சர்ச்சில். சிறிய நாடகக் குழுக்களுக்கு இது பெருஞ்சுமை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த எண்ணிக்கையில்தான் காட்சியின் பொருள் அடங்கியிருக்கிறது. நான் பார்த்த மேடையேற்றத்தில் ஆறு பேர் மட்டுமே நடந்தார்கள். போதாததற்குச் சோகமான பின்னணி இசை வேறு சேர்த்திருந்தார்கள். என்ன உணர வேண்டும் என்று இசை எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் கணமே காட்சி தன் வலுவை இழந்தது. மூன்றாம் பகுதியில் விலங்குகளும் நாடுகளும் தொழில்களும் ஒன்றோடொன்று கூட்டுச்சேர்ந்து போரிடும் உலகத்தை நடிகர்கள் சற்றும் மிகையின்றி, அன்றாடச் செய்தி பேசுவதுபோல் பேசியதால்தான் அந்த மாலை எனக்கு மீண்டது.

‘எ நம்பர்’ 2002இல் ராயல் கோர்ட்டில் மைக்கேல் கேம்பனும் டேனியல் கிரெய்கும் நடிக்க முதலில் மேடையேறியது. டாலி என்ற ஆடு படியெடுப்பு (குளோனிங்) முறையில் பிறந்து அப்போது ஆறாண்டுகள்தான் ஆகியிருந்தன. சால்ட்டர் என்ற தந்தை, தன் மகனைப் படியெடுத்து இன்னொரு மகனைப் பெற்றவர். அவர் அறியாமல் மேலும் பல படிகள் உருவாக்கப்பட்டிருப்பது இப்போது தெரியவருகிறது. ஐந்து காட்சிகள், இரண்டே நடிகர்கள். மூன்று மகன்களையும் ஒரே நடிகர் ஏற்கிறார். தலைப்பே ஓர் இரட்டைப் பொருள்: ஓர் இலக்கம் என்றும் கொள்ளலாம், பலர் என்றும் கொள்ளலாம். தமிழில் ‘எண்’ என்றால் முதற்பொருள் கிட்டும், இரண்டாவது நழுவிவிடும்.

இந்த நாடகத்தின் பாதி வாக்கியங்களைப் பற்றித் தமிழ் வாசகராக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன நடந்தது என்பதே மறைந்துபோகும். ஆங்கிலத்தில் வினை முன்னதாகவே வந்துவிடுவதால், செயல் வெளிப்பட்டுவிடுகிறது. யாரை, எதை, எதற்காக என்பவையே வாய்க்குள் தங்கிவிடுகின்றன. சால்ட்டர் பேசும் ஒவ்வொரு வரியிலும் ஒரு செயல் ஒப்புக்கொள்ளப்படுகிறது, அதற்கான பொறுப்பு விழுங்கப்படுகிறது. படிக்கும்போது இந்தத் தடுமாற்றம் களைப்பைத் தருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. மேடையில், தந்தையாக நடித்தவர் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு சொல்லையும் மகன் முகத்தில் தேடியதைக் கண்டபோது அந்தக் களைப்பு அச்சமாக மாறியது. வெவ்வேறு வாழ்வு வாழ்ந்த ஒரே உடல் என்பதையும் ஒரு நடிகர் நம் கண்முன் நிற்கும்போதே முழுதாக உணர முடிகிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே எந்த மகன் வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

மற்றவற்றுள் ‘புளூ ஹார்ட்’ தவறவிடக் கூடாதது. அதன் முதற்பாதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் மகளுக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது. காட்சி மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பி வேறு வழியில் செல்கிறது. பிற்பாதியில் ‘புளூ’, ‘கெட்டில்’ என்ற இரு சொற்கள் வசனத்தில் புகுந்து, மற்றச் சொற்களைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகின்றன. ‘ஹோட்டல்’ இசைக்காக எழுதப்பட்டது. இசையின்றிப் படிப்பதில் பயனில்லை. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்குமான உறவை இரு ஆண்களின் காதலாகக் காட்டும் 2006ஆம் ஆண்டு நாடகம், கருத்து முதற்பக்கத்திலேயே விளங்கிவிடுவதால் பின்னர் தளர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இந்தப் பாகத்தில் இல்லாத, 1982ஆம் ஆண்டின் ‘டாப் கேர்ள்ஸ்’ நாடகத்துக்கு இரண்டாம் பாகத்தை வாங்க வேண்டும். வரலாற்றிலிருந்தும் ஓவியத்திலிருந்தும் கதையிலிருந்தும் வந்த பெண்கள் ஒரே விருந்து மேசையில் அமர்ந்து, ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேசுகிறார்கள். அடுத்தவர் எந்த இடத்தில் குறுக்கிட வேண்டும் என்பதைச் சாய்கோடு காட்டுகிறது. தனியே, மௌனமாகப் படித்தால் கண் ஒரு வரிக்குப் பின் அடுத்த வரியைத்தான் காணும். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து, சாய்கோடு வரும் இடத்தில் தயங்காமல் குறுக்கிட்டு உரக்க வாசித்துப் பார்த்தேன். யாரும் யாரையும் கேட்கவில்லை என்ற துயரம் நான்காவது நிமிடத்திலேயே அந்த அறைக்குள் வந்துவிட்டது.

ஆகவே ‘எ நம்பர்’ நாடகத்தில் தொடங்குங்கள். படித்துவிட்டு, வாய்ப்புக் கிடைத்தால் மேடையில் பாருங்கள். பிறகு கடைசிக் காட்சியை மட்டுமாவது மறுபடி படியுங்கள். முன்பின் அறியாத தந்தையிடம் மூன்றாவது மகன் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு, மனைவியின் காதுகள் தனக்குப் பிடிக்கும் என்பது போன்ற சிறிய செய்திகளே இருக்கின்றன. உனக்கு உன் வாழ்க்கை பிடித்திருக்கிறதா என்று சால்ட்டர் கேட்கிறார். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்காக வருத்தம் தெரிவிக்கிறான் அவன். நான் பார்த்த அன்று அந்த நடிகர் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.