பழைய பிளக்கைக் காட்டினால்தான் புதியதைத் தரும் கடை

பழைய வண்ணாரப்பேட்டையில், ஜவுளிக்குப் பெயர்போன எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பெயர்ப்பலகை துருவேறி எழுத்தே தெரியாமல் போன சிறிய உதிரிபாகக் கடை இருக்கிறது. என்னுடைய பழைய புல்லட்டுக்கு ஸ்பார்க் பிளக் வாங்க இதுவரை மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். முதல் முறை பணத்தை நீட்டியும் கடைக்காரர் பொருளை எடுக்கவில்லை. “வண்டியில இருக்கிற பிளக்கைக் கழட்டிக் கொண்டாங்க சார், பார்த்துட்டுத் தரேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வந்த காலத்திலிருந்தே புல்லட்டோடு பழகிய வட்டாரம் இது. அதனாலேயே ‘புல்லட் பிளக்’ என்று கேட்டவுடன் கைக்கு வந்ததை எடுத்து நீட்டும் கடைகளும் இங்கே உண்டு. அப்படிப்பட்ட வேறொரு கடையில் ஏற்கெனவே நான் ஏமாந்திருந்தேன். என் வண்டியின் ஹெட்டை, அதாவது பிளக் திருகப்படும் இன்ஜின் மேல்பகுதியை, முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார். அதற்கு மரை நீளம் 19 மி.மீ. உள்ள பிளக் வேண்டும். எனக்குக் கிடைத்ததோ 12.7 மி.மீ. பிளக். இரண்டுக்கும் விட்டம் 14 மி.மீ. தான் என்பதால் அது ஒழுங்காகவே ஏறி உட்கார்ந்தது, வண்டியும் ஓடியது. ஆனால் தீப்பொறி எரியறைக்குள் விழாமல் துளைக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. காலையில் ஏழெட்டு உதை உதைத்தால்தான் வண்டி கிளம்பும். பிறகு சரியான பிளக்கைப் போட முயன்றபோது அது பாதியிலேயே நின்றுவிட்டது. மூடப்படாமல் கிடந்த மரைகளில் கரி இறுகியிருந்தது. மெக்கானிக் மரை வெட்டும் டேப்பை ஓட்டிச் சுத்தம் செய்து கொடுத்தார். குட்டை ஹெட்டில் நீளமான பிளக்கைப் போட்டிருந்தால் பிஸ்டனே அடிவாங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது முறை பழைய பிளக்கைத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைப் பனியன் வேஸ்டால் துடைத்தார். ஆனால் மரையை மட்டும்தான் துடைத்தார், முனையைத் தொடவில்லை. எஃகு ஸ்கேலை வைத்து நீளத்தை அளந்த பிறகு பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் காய்ந்த கரி மையாக ஒட்டியிருந்தது. எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகிறீர்களா என்று கேட்டார். தினமும் அதே சாலையில்தான் வேலைக்குப் போகிறேன்.

பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடானாலோ பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டன் கெடும். இதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கின் நீளம்: நீண்ட மூக்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது சூடான வகை; குட்டை மூக்கு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடும், அது குளிர்ந்த வகை. குழப்பம் இந்த வகையைக் குறிக்க ஒவ்வொரு நிறுவனமும் பிளக்கில் போடும் எண்களில்தான் வருகிறது. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் அது குளிர்ந்த வகை. இன்றைய பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. அதே பாஷ் குடும்பத்து மைக்கோவின் பழைய 175, 225 போன்ற மூன்று இலக்க எண்களிலோ, எண் கூடினால் மறுபடியும் குளிர்ந்த வகை! பழைய 175-க்கு இணையானது இன்றைய பாஷ் 7. என்ஜிகேயில் அது ஏறக்குறைய 6. இந்த இணைப்பட்டியலை அவர் ஓர் அட்டையில் கையால் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான், ஆனால் விற்பனைக்கு இல்லை.

எனக்கு அவர் ஒரு படி சூடான பிளக்கைத் தந்தார். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் விரட்டுவதாக இருந்தால் பழைய எண்ணுக்கே திரும்பிவிட வேண்டும் என்றும் எச்சரித்தார். பிளக் மூடியில் ஏற்கெனவே மின்தடை இருந்ததால் உள்ளேயே மின்தடை இருப்பதைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்து இல்லாத பிளக்காகப் பார்த்து எடுத்தார். பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பழைய வகைத் தொடுமுனை) வைத்த வண்டி என்பதால், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பொறி விழும் முனையின் இடைவெளியையும் சரிசெய்துதான் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் வெளிறிய காப்பி நிறத்தில் இருந்தது. இப்போது இரண்டாவது உதையில் வண்டி கிளம்புகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ரசீது கேட்டால் முகம் சுளிக்கிறார், யுபிஐ கிடையாது, மதியம் எப்போது பூட்டுவார் என்று சொல்ல முடியாது. பழைய மைக்கோ இருப்புக்கு அவர் சொல்லும் விலை, என்னைக் கேட்டால், ஆசைக்கு வைத்த விலை. ஓட்டுகிற வண்டிக்குப் புதிய பிளக்கே போதும். மூன்றாவது முறை நண்பரின் எஜ்டி பைக்குக்காகப் போனேன். அதன் பிளக்கைக் கொண்டுபோக மறந்ததால், என்னை நன்றாகத் தெரிந்திருந்தும் திருப்பி அனுப்பிவிட்டார்.