டீப் கிளீனிங்கா, ஃபிளாப் சர்ஜரியா? சர்க்கரை உள்ளவர்களுக்கு எது முதலில்

சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு வீங்கியே கிடந்தால் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. ஆகவே ஈறுக்கு வைத்தியம் பார்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கவே தேவையில்லை. எந்த வைத்தியம் என்பதில்தான் குழப்பம் வரும். நான் எடுத்துக்கொண்டது டீப் கிளீனிங். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

சாதாரண ஸ்கேலிங் (பல் காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) ஈறு ஓரத்தோடு நின்றுவிடும். டீப் கிளீனிங்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருக்கும் காரை வரை சுரண்டி எடுப்பார்கள். அதற்கு முன் மெல்லிய கம்பி போன்ற அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, “மூணு, நாலு, ஆறு” என்று மருத்துவர் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொள்வார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தின் ஆழம்தான் இந்த எண்; மூன்று மில்லிமீட்டர் வரை பயமில்லை. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு எண்ணும் எந்தப் பல் என்று கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

ஃபிளாப் சர்ஜரியில் ஈறைக் கீறி விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்தே சுத்தம் செய்து தையல் போடுவார்கள். டீப் கிளீனிங்கிற்குப் பிறகும் ஆறு மி.மீ. அல்லது அதற்கு மேல் பள்ளம் நிற்கும் இடங்களுக்கும், கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் இடுக்குகளுக்கும் இது பொருத்தம். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். நான் இதைச் செய்துகொண்டதில்லை. வலி பற்றியோ ஓய்வு பற்றியோ செய்துகொண்டவரிடம்தான் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரையை எல்லோருக்கும் வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்பதே ஐரோப்பிய ஈறு மருத்துவர்களின் வழிகாட்டுதல்.

சரி, சர்க்கரை எவ்வளவு குறையும்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கு எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) மூன்று, நான்கு மாதத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் 0.30.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்த எண் அல்ல, பராமரிப்பு. சுரண்டி எடுத்த பள்ளத்தில் சில மாதங்களிலேயே கிருமி மறுபடி குடியேறிவிடும். 2013இல் வெளிவந்த, அமெரிக்காவில் சர்க்கரை உள்ள 514 பேரிடம் நடந்த ஈறு சிகிச்சை ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் எச்பிஏ1சி அசையவில்லை. அவர்கள் பல்லில் அழுக்கும் ஈறில் ரத்தக் கசிவும் சிகிச்சைக்குப் பிறகும் நிறையவே இருந்தன என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. 2018இல் வெளிவந்த லண்டன் ஆய்வில் 264 பேர். தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 12 மாதத்தில் மற்றவர்களைவிட 0.6 புள்ளி குறைவு. அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரவழைத்துச் சுத்தம் செய்தார்கள். பல்லை நன்றாகப் பேணியவர்களில் தேவைப்பட்டோருக்கு சர்ஜரியும் நடந்தது; அதனால் முழுப் பலனையும் டீப் கிளீனிங் கணக்கில் எழுத முடியாது. ஆனால் சர்ஜரி செய்தாலும் இதே மூன்று மாதக் கெடு உண்டு. எப்படியும் தொடர்ந்து போகத்தான் வேண்டும் என்றால், கத்தி படாத வழியில் தொடங்குவதே எனக்கு நியாயமாகப் பட்டது.

வீட்டில் செய்வதும் இதில் சேர்ந்ததுதான். பல்லிடுக்கு பிரஷ்ஷை தினமும் விட்டு எடுங்கள். முதலில் நுனி சிவந்து வரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீர்கள், ஈறு தேறத் தேற அது குறையும். புகைப்பவருக்கு இரண்டு சிகிச்சையுமே குறைந்த பலன்தான் தரும், அவ்வளவுதான்.

எனக்கும் எச்பிஏ1சி இறங்கியது. அதே சமயத்தில் சர்க்கரை மாத்திரையும் மாற்றப்பட்டதால், எவ்வளவு ஈறால் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். ஈறில் ரத்தம் வருவது நின்றது மட்டும் சிகிச்சையால்தான். எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதத்தைக் காட்டுவது. ஈறுப் பள்ளத்தை மறுபடி அளப்பதும் ஏறக்குறைய அதே இடைவெளியில்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவரின் குறிப்பை சர்க்கரை மருத்துவரிடமும் காட்டுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.