'ஸ்மைலிங் ஃபேசஸ் சம்டைம்ஸ்': டெம்ப்டேஷன்ஸா, அன்டிஸ்பியூட்டட் ட்ரூத்தா?

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை கேட்பவர்களில் டெம்ப்டேஷன்ஸ் குழுவைத் தெரியாதவர் இருக்க மாட்டார். அன்டிஸ்பியூட்டட் ட்ரூத் என்று சொன்னால் பலரும் யோசிப்பார்கள். ஆனால் 'ஸ்மைலிங் ஃபேசஸ் சம்டைம்ஸ்' பாட்டை இரண்டு குழுவின் குரலிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், நான் இந்தப் பெயர் தெரியாத குழுவின் பக்கம்தான் நிற்பேன்.

இரண்டுமே 1971-ல் வெளிவந்தவை. எழுதியவர்கள் நார்மன் விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும். தயாரித்தவர் விட்ஃபீல்ட், இசைத்தட்டு நிறுவனம் மோட்டவுன், வாசித்தவர்கள் அந்த நிறுவனத்தின் வாத்தியக் குழுவான ஃபங்க் பிரதர்ஸ். பாட்டின் விஷயமும் எளிது: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இரு, குலுக்க நீட்டும் கைக்குள் பாம்பு இருக்கலாம். இத்தனையும் பொதுவாக இருந்தும் கேட்கக் கிடைப்பது இரண்டு வேறு பாட்டுகள்.

முதலில் வந்தது டெம்ப்டேஷன்ஸ் பாடியது. 'ஸ்கைஸ் தி லிமிட்' ஆல்பத்தில் 12 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஆர்கெஸ்ட்ரா அவசரமே இல்லாமல் ஒவ்வொரு அடுக்காக ஏறி வர, அதன் மேல் குழுவின் பாடகர் எடி கென்ட்ரிக்ஸின் ஃபால்செட்டோ, அதாவது மெல்லிய உச்சக் குரல், மிதக்கிறது. அதே ஆல்பத்தில் 'ஜஸ்ட் மை இமாஜினேஷன்' பாட்டை அமெரிக்க ஹிட் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோன குரல் அது. காதலைக் கற்பனை செய்து உருகும் ஒருவனுக்கு அவ்வளவு பொருந்திய அந்த மென்மை, எச்சரிக்கை செய்யும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஏமாந்துபோன ஒருவன் தனியாக உட்கார்ந்து பழசை நினைத்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த வயலின்கள் உள்ளே இறங்கும். ஆனால் நம்மைப் பார்த்து "உஷார்!" என்று சொல்ல வேண்டிய பாட்டு, தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பாட்டாக மாறிவிடுகிறது.

இதை சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, விடும் திட்டமும் இருந்தது. அதற்குள் கென்ட்ரிக்ஸ் குழுவை விட்டு விலகிவிட்டார். பாடியவரே இல்லாமல் எப்படி விற்பது? திட்டம் கைவிடப்பட்டு, பாட்டு ஆல்பத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

விட்ஃபீல்ட் அதை அப்படியே விட்டுவிடவில்லை. தான் உருவாக்கிய புதுக் குழுவான அன்டிஸ்பியூட்டட் ட்ரூத்திடம் கொடுத்தார். ஜோ ஹாரிஸ், பில்லி ரே கால்வின், பிரெண்டா ஜாய்ஸ் எவன்ஸ்: ஓர் ஆண், இரண்டு பெண்கள். 12 நிமிடம் 3 நிமிடச் சொச்சமாகச் சுருங்கியது. வெட்டியதில் கொஞ்சம் இழப்பு உண்டு, அந்த நிதானம் போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்தது அவசரம். ஹாரிஸின் கரகரப்பான குரல் நேராக முகத்துக்கு முன்னால் வந்து நின்று பேசுகிறது. பெண்களின் குரல்கள் காதோரம் கிசுகிசுக்கிற மாதிரி சேர்ந்துகொள்கின்றன. ஒருவர் சொன்னால் புலம்பல் என்று தள்ளிவிடலாம், மூன்று பேர் சேர்ந்து சொல்லும்போது அப்படி முடியாது. இந்த ஒரு மாற்றத்தில்தான் பாட்டு உயிர் பெறுகிறது என்பது என் கட்சி.

ரசிகர்களும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பில்போர்ட் ஹிட் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. அந்தக் குழு முதல் 40-க்குள் நுழைந்தது அந்த ஒரு முறைதான். அடுத்த வருஷமே ஓ'ஜேஸ் என்ற சோல் குழு பாடிய 'பேக் ஸ்டாபர்ஸ்' பாட்டின் முடிவில் இதன் வரி எட்டிப் பார்க்கிறது. (ரேர் எர்த் என்ற ராக் குழுவும் 1973-ல் இதைப் பாடியது. மூன்றாவதாக வைக்கிறேன், அவ்வளவுதான்.)

அப்படியென்றால் சுருக்கமாகப் பாடினால் நல்லது, நீட்டினால் கெட்டதா? இல்லை. அதே இரண்டு குழுக்களுக்குள் எதிர்த் திசையில் போன பாட்டு ஒன்று இருக்கிறது. 'பப்பா வாஸ் எ ரோலின் ஸ்டோன்' பாட்டை 1972-ல் முதலில் சிங்கிளாக விட்டது அன்டிஸ்பியூட்டட் ட்ரூத்தான். 63-ஆம் இடத்தோடு நின்றுபோனது. அதே வருஷம் டெம்ப்டேஷன்ஸ் பாடி முதலிடம் பிடித்தார்கள், மூன்று கிராமி விருதுகளும் வந்தன. அங்கே நான் மறுபேச்சில்லாமல் டெம்ப்டேஷன்ஸ் பக்கம். செத்துப்போன அப்பாவைப் பற்றி அம்மாவிடம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் அவை. வரிக்கு வரி குரல் மாறும்போது ஒரு வீட்டின் அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவராக வாய் திறப்பது தெரிகிறது. ஆல்பத்தில் முதல் குரல் வருவதற்கே கிட்டத்தட்ட 4 நிமிடம் ஆகிறது. அந்தக் காத்திருப்பு முழுவதும் பாஸ் கிடாரின் சில சுரங்களிலேயே நிற்கிறது. கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு அந்த நேரம் தேவை.

ஆக, எனக்கு நீளம் கணக்கில்லை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். இரண்டு பாட்டிலுமே பல குரல்கள் பங்குபோட்டுக்கொண்ட வடிவம்தான் ஜெயிக்கிறது. தனிக்குரலில் நின்றதால்தான் கென்ட்ரிக்ஸின் 12 நிமிடம் பின்தங்குகிறது.

அன்டிஸ்பியூட்டட் ட்ரூத்தை ஒரே பாட்டுக் குழு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ரோஸ் ராய்ஸ் என்ற குழு பாடிப் புகழ்பெற்ற 'விஷிங் ஆன் எ ஸ்டார்' பாட்டை எழுதியது இதே பில்லி ரே கால்வின்தான். புதிதாகக் கேட்பவர்கள் அந்த 3 நிமிட 'ஸ்மைலிங் ஃபேசஸ்'ஸில் தொடங்குங்கள். டெம்ப்டேஷன்ஸின் 12 நிமிடத்துக்கு அப்புறம் போகலாம்.