ஹீற்றர் மோட்டருக்கு 723 டொலர் கட்டினேன், மோட்டரை மாற்றவே இல்லை

ரொறன்ரோ ஸ்காபரோவில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஜனவரியில் ஒரு நாள் காலை காரின் ஹீற்றர் காற்று நின்றுவிட்டது. வேகக் குமிழை 1, 2, 3 எதில் வைத்தாலும் அசைவில்லை. 4இல் வைத்தால் மட்டும் முழு வேகத்தில் அடித்தது. சூடு நன்றாகவே வந்தது. ஆனால் அந்த இரைச்சலில் பின்னால் இருக்கும் மகள் பேசுவது கேட்காது. நிறுத்தினால் முன்கண்ணாடி ஆவி படிந்து மூடிவிடும்.

தெரிந்தவர் சொன்ன ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆட்கள்தானே என்ற நம்பிக்கை. கராஜ்காரர் திறந்துகூடப் பார்க்காமல், “மோட்டர் போயிட்டுது அண்ணை, மாத்தினாத்தான் சரிவரும்” என்றார். 640 டொலர், வரியோடு 723. எழுத்தில் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னேரம் எடுக்கும்போது நாலு வேகமும் வேலை செய்தது. காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமையில் பழையபடி 4 மட்டும். திரும்பப் போனபோது, இப்போது ஹீற்றர் கோர் பழுது, டாஷ்போர்டை முழுதாகக் கழற்ற வேண்டும், 1,400 ஆகும் என்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ற் சூடாக ஓடுகிற பகுதிதான் ஹீற்றர் கோர். சூடு குறையாமல் வரும்போது அதை ஏன் மாற்ற வேண்டும்? காற்றின் வேகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மச்சான் ஒருவருக்கு மின்வேலை தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து குளோவ் பொக்ஸைக் கழற்றினார். உள்ளே இருந்தது பழைய மோட்டரேதான். தூசி படை படையாக ஒட்டியிருந்தது, காற்றாடிக்குள் காய்ந்த இலைத் துண்டுகள். இரண்டு கிழமைக்கு முன் போட்ட மோட்டரில் அப்படி இருக்குமா? பக்கத்தில், மோட்டரின் வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டரின் இணைப்பு கருகி, பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது. அதைக் கழற்றி இறுக்கிச் செருகியதுதான் அன்றைக்கு நடந்த “மோட்டர் மாற்றம்” என்று மச்சான் சொன்னார். எனக்கும் வேறு விளக்கம் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

கையால் வேகக் குமிழைத் திருப்புகிற சாதாரணக் கார்களில் 1 முதல் 3 வரை மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாகப் போகும். 4இல் அதைத் தவிர்த்து நேரே மோட்டருக்குப் போகும். அதனால் 4 மட்டும் வேலை செய்தால் முதலில் பார்க்க வேண்டியது ரெசிஸ்டரையும் அதன் இணைப்பையும். மோட்டர் செத்திருந்தால் 4இலும் சுற்றாது. எந்த வேகத்திலும் சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் 4இல் வைத்து மோட்டரின் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று மீற்றரால் அளக்கலாம். வந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டரில் கைவைக்க வேண்டும். வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் தானியங்கிக் கார்களில் பெரும்பாலும் இந்த ரெசிஸ்டருக்குப் பதிலாக வேறு கட்டுப்பாட்டுப் பாகம் இருக்கும், அதற்கு இந்தக் கணக்குச் சரிவராது.

எங்கள் காரில், உள்ளே வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரும் அடைத்துப் போயிருந்தது. ரெசிஸ்டர் அந்தக் காற்றோட்டத்தில்தான் ஆறும். காற்றுக் குறைந்தால் சூடேறிக் கருகும். ரெசிஸ்டர், புது இணைப்பு, ஃபில்டர் எல்லாம் சேர்த்து 90 டொலருக்குள் முடிந்தது.

ஒன்டாரியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கார் திருத்தத்துக்கென்றே தனிப் பகுதி இருப்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், தரத்தான் வேண்டும். அன்றைக்கு “பழைய மோட்டரைத் தாங்கோ” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பார். போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதமும் உண்டு.

தூசி பிடித்த மோட்டரின் படங்களையும் பில்லையும் இணைத்து, முழுக் காசையும் திருப்பிக் கேட்டு அந்தக் கராஜுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்வேன்.